தூக்குவது ஜாக்கி, தாங்குவது முட்டு!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தோல் தொழில். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன. ஆனாலும் தொழிலைப் பொறுத்தவரை இவை எல்லாம் ஒரே பகுதிதான். இந்தப் பகுதிக்கு இன்னொரு முகமும் உண்டு, அது இராணுவம். வேலூருக்கு அருகே உள்ள கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படையில் சேர்பவர்கள் நிறைந்த ஊர் அது.

இந்தத் தோலும் இராணுவமும் ஓர் எளிய கருவியில் சந்திக்கின்றன. அந்தக் கருவி, வண்டியைத் தூக்கும் ஜாக்கி! பழைய இராணுவ ஜீப் ஒன்றை வீட்டு ஷெட்டில் வைத்துப் பழுது பார்ப்பவரின் உயிர் இந்தக் கருவியைச் சரியாகப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அதன் வரலாறே போதும்.

கையால் தூக்கப் பிறந்த வண்டி

1940-ல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய உளவு வண்டி வேண்டும் என்று கேட்டது. முதலில் அது விதித்த எடை வரம்பு 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோ. சேற்றில் சிக்கினால் வீரர்களே தள்ளி, தூக்கி வெளியே எடுக்கும் அளவுக்கு வண்டி லேசாக இருக்க வேண்டும் என்பது எண்ணம். அந்த எடையில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியைச் செய்ய முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வரம்பு 2,160 பவுண்டாக, அதாவது 980 கிலோவாக உயர்ந்தது. பேண்டம் என்ற சிறிய நிறுவனம் 49 நாட்களில் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைத் தயாரித்தன.

முடிவில் வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப், எண்ணெயும் பெட்ரோலும் நிரப்பிய நிலையில் சுமார் 1,100 கிலோ. உடலின் இரு பக்கங்களிலும் கைப்பிடிகள் உண்டு. நாலு பேர் பிடித்துத் தள்ளலாம் என்பதற்காகவே வைத்தவை அவை!

போர் முடிந்ததும் இராணுவத்துக்கு மிஞ்சிய ஜீப்கள் விற்பனைக்கு வந்தன. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், சில ஆண்டுகளில் வில்லிஸ் ஜீப்பை பம்பாயில் பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கத் தொடங்கியது. பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், காட்டிலாகா ஜீப் என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் கண்ட ஜீப்கள் பலவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

'சின்ன வண்டிதானே' என்ற எண்ணம் இங்கேதான் ஆபத்தாகிறது. 1,100 கிலோவில் பாதி ஒரு பக்க ஆக்சிலின் மேல் நின்றாலும் அது 550 கிலோ. நெஞ்சின் மேல் விழ அதில் கால் பங்கே அதிகம்.

திருகும் தண்ணீரும்

போர்க்கால ஜீப்புடன் வந்தது திருகு ஜாக்கி. அதில் எண்ணெயும் இல்லை, வாஷரும் இல்லை. திருகின் மரைகளுக்கு இடையே உள்ள உராய்வே பாரத்தைப் பிடித்து நிறுத்தும். யாராவது திருப்பினால் தவிர அது தானாக இறங்காது. ஆனால் அதன் அடிப்பாகம் சிறியது. தரை சரிந்திருந்தாலோ, வண்டி அசைந்தாலோ சாய்ந்துவிடும்.

இன்று பட்டறைகளில் அதிகம் இருப்பது ஹைட்ராலிக் ஜாக்கி. அதன் கதை 1795-ல் தொடங்குகிறது. லண்டனில் ஜோசப் பிராமா நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு அது. சிறிய பிஸ்டனை அழுத்தினால் பெரிய பிஸ்டன் பல மடங்கு பாரத்தைத் தூக்கும் என்ற பாஸ்கல் விதியை அவர் வேலைக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு தொல்லை இருந்தது. அழுத்தம் ஏற ஏற பிஸ்டனின் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை!

இதற்குக் கிடைத்த தீர்வு ஒரு தோல் வளையம். பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேயின் யோசனை அது என்று சொல்வார்கள். கிண்ணம் போல வளைத்த தோலின் உதட்டுக்குள் தண்ணீர் புகும். புகுந்த தண்ணீரே அந்த உதட்டைச் சுவரோடு அழுத்தும். பாரம் கூடக் கூட அடைப்பும் இறுகும், பாரம் இறங்கினால் தளர்ந்துவிடும். 1851-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் டட்ஜன் கையில் எடுத்துச் செல்லும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஜாக்கிகளின் வயிற்றுக்குள் வேலை செய்தது தோல்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய சங்கதி அல்ல. சைக்கிள் பம்ப்பில் காற்றடிக்கும் வாஷரும் இதே கிண்ணத் தோல்தான். 1970-களில் கிராமங்களுக்கு வந்த இந்தியா மார்க்-2 அடிபம்பிலும் முதலில் தோல் வாஷர்தான் இருந்தது. வாஷர் காய்ந்தால் பம்ப் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அடித்தாலும் காற்றும் ஏறாது, தண்ணீரும் வராது.

தோல் ஊருக்குத் தெரிந்த உண்மை

வேலூர் - ஆம்பூர் பகுதி ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்டுப் பெயர் பெற்றது. 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் அது கப்பலேறியது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர்த்துறை, படைவீரர்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்காகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத் தோலை ஏராளமாக வாங்கியது. 1948-ல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

தோலோடு பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். எண்ணெய்ப் பசை இருக்கும் வரைதான் தோல் தோலாக இருக்கும். பசை போனால் விறைக்கும், பிறகு வெடிக்கும். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த பழைய ஜாக்கியின் உள்ளே இருக்கும் தோலுக்கும் இதே கதிதான். காலையில் ஜீப்பைத் தூக்கிய ஜாக்கி மதியத்துக்குள் அங்குலம் அங்குலமாக இறங்கலாம், அல்லது ஒரே நொடியில் இறங்கிவிடலாம்!

டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-ல் ரப்பர் ஓ-வளையத்துக்குக் காப்புரிமை பெற்றார். போருக்குப் பின் ஜாக்கிகளில் தோலின் இடத்தை ரப்பர் பிடித்தது. ஆனால் ரப்பருக்கும் வயதாகும். வால்வின் அடியில் ஒரு துகள் சிக்கினாலே போதும், பாரம் இறங்கும். பொருள்தான் மாறியது, பாடம் மாறவில்லை. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கான கருவி அல்ல.

முட்டுக்கட்டை

தாங்கும் வேலைக்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: முட்டு. மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை போடும்போது கட்டையால் முட்டுக் கொடுப்பார்கள். தேர் ஓடும்போது சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட்டுத்தான் அதை நிறுத்துவார்கள், திருப்புவார்கள். இன்று 'தடை' என்ற கெட்ட பொருளில் வழங்கும் அந்தச் சொல், உண்மையில் உயிர் காக்கும் கருவியின் பெயர்!

ஜீப்புக்கு இரண்டு வகை முட்டும் தேவை. உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கட்டை, விழாமல் இருக்க ஆக்சிலுக்கோ சேசிஸுக்கோ இரும்பு ஸ்டாண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டு ஆகாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டின் அடியில் கனமான பலகை வேண்டும்.

பழைய ஜீப்புக்கே உரிய மூன்று ஆபத்துகள்

ஒன்று, ஹேண்ட் பிரேக். போர்க்கால ஜீப்பில் அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை, பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் அந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும், தரையில் உள்ள மற்றது உருளும். ஹேண்ட் பிரேக் போட்டபடியே வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்! ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

இரண்டு, வீல் நட். எம்.பி. ஜீப்பின் இடப்பக்கச் சக்கரங்களில் மரை தலைகீழ். இது தெரியாமல் தூக்கிய வண்டியில் நட்டை முழு பலத்தோடு தவறான பக்கம் திருப்பினால், வண்டியே ஸ்டாண்டிலிருந்து தள்ளப்படும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

மூன்று, இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்த 'காம்பட்' ரிம். சக்கர நட்டுக்குப் பதிலாக ரிம் நட்டை, டயரில் காற்று இருக்கும்போதே கழற்றினால் ரிம் வெடித்துச் சிதறும்.

சேசிஸைத் தூக்கினால் பட்டை ஸ்பிரிங்குகள் தொங்கும், சக்கரம் வெகுநேரம் தரையை விடாது. சக்கர வேலைக்கு ஆக்சிலின் அடியில், ஸ்பிரிங் அமரும் இடத்துக்கு அருகே தூக்குவதே எளிது. தூக்கியதும் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை மெல்ல இறக்கிப் பாரத்தை ஸ்டாண்டுகளுக்கு மாற்ற வேண்டும். பிறகு வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆள் அடியில் போவதற்கு முன் விழட்டும்!

பிராமாவின் காலம் முதல் இன்று வரை ஜாக்கி எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் அதன் பலம் முழுவதும் இன்றும் ஒரு சிறு வளையத்தின் உதட்டில்தான் நிற்கிறது. அந்த உதட்டை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. தூக்குவது ஜாக்கியின் வேலை, தாங்குவது முட்டின் வேலை.