வௌவால் ஈ ஆய்வின் வரலாறு: காட்சிப்பேழையிலிருந்து தங்கிடம் நோக்கி

ஆய்வுச் சுருக்கம்

வௌவால்களின் உடலில் வாழ்ந்து அவற்றின் குருதியை உண்ணும் ஈக்கள் பற்றிய அறிவியல் ஆய்வு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலான வரலாறுடையது. தொடக்கத்தில் பெயரிடுதலும் வகைப்படுத்தலுமாக இருந்த இவ்வாய்வு, இருபதாம் நூற்றாண்டில் ஓம்புயிரிக்கும் ஒட்டுண்ணிக்கும் இடையிலான சூழலியல் உறவை அறியும் முயற்சியாக மாறியது. ஓர் ஈ ஒரே வௌவால் இனத்தை மட்டும் சார்ந்து வாழ்கிறதா என்னும் வினாவுக்கான விடை, களத்தில் மாதிரிகள் சேகரிக்கப்பட்ட முறையைப் பொறுத்தே அமைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வௌவால் ஈ, புற ஒட்டுண்ணி, ஓம்புயிரி, தங்கிடம், வகைப்பாட்டியல், அறிவியல் வரலாறு.

முன்னுரை

வௌவால் ஈக்கள் நிக்டெரிபிடே, ஸ்ட்ரெப்ளிடே என்னும் இரு குடும்பங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 500 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. முன்னது பெரும்பாலும் ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய பழைய உலகப் பகுதிகளிலும், பின்னது பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலும் மிகுந்து காணப்படுகின்றது. நிக்டெரிபிடே ஈக்களுக்குச் சிறகில்லை. நீண்ட கால்களும், மார்பின் மேல் பின்னோக்கி மடிந்த சிறு தலையும் கொண்ட அவை பார்வைக்குச் சிலந்தியை ஒத்திருக்கும். ஈ என்றே எளிதில் அறிய இயலாத இவ்வுருவம் தொடக்ககால ஆய்வாளரின் கவனம் முழுவதையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. அது வாழும் முறை பற்றிய வினா நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது.

பெயரிடும் காலம்

பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய் 1796இல் நிக்டெரிபியா என்னும் பேரினத்தை நிறுவினார். வௌவாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அப்பெயருக்கு அடிப்படையாகும். 1835இல் ஆங்கிலேயரான வெஸ்ட்வுட் இப்பேரினம் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இந்தியாவில் பணியாற்றிய கர்னல் சைக்ஸின் பெயரால் அவர் அறிமுகப்படுத்திய சிற்றினம் இன்று சைக்ளோபோடியா சைக்ஸியை என வழங்கப்படுகின்றது. நம் ஊர்களின் ஆலமரங்களிலும் மருத மரங்களிலும் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலே அதன் ஓம்புயிரி. ஆகவே, இத்துறையின் தொடக்க நிலையிலேயே இந்தியச் சான்று இடம்பெற்றுள்ளது. எனினும் அது ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட மாதிரி என்னும் அளவிலேயே இடம்பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பொகீமியாவைச் சேர்ந்த கொலெனாட்டி வௌவால்களின் ஒட்டுண்ணிகளை முறைப்பட ஆராய்ந்தார். அவருடைய ஆய்வில் நேர்ந்த ஒரு பிறழ்வு இவ்வரலாற்றுக்கு மிகவும் பயனுடையது. ஈக்களின் உடல்மேல் முளைத்திருந்த நுண்ணிய உறுப்புகளை அவர் 1857இல் முட்தலைப் புழுக்கள் எனக் கருதி, ஆர்த்ரோரிங்கஸ் எனப் பெயரிட்டார். அவை புழுக்கள் அல்ல, பூஞ்சைகள் என்பதை 1871இல் பெய்ரிட்ச் தெளிவுபடுத்தினார். வௌவாலை ஈ உண்கின்றது. ஈயின் மேல் பூஞ்சை வாழ்கின்றது. இம்மூன்றடுக்கு உறவின் சான்று கொலெனாட்டியின் கண்முன் இருந்தது. ஆயினும் உருவ ஒப்புமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டதால் அதன் தன்மை பிறழ உணரப்பட்டது.

1896இல் அடென்சமர் விளக்கிய அஸ்கோடிப்டெரான் பேரினம் இன்னும் வியப்பானது. இதன் பெண் ஈ ஓம்புயிரியை அடைந்தபின் சிறகுகளையும் கால்களையும் இழந்து, வௌவாலின் தோலுக்குள் புதைந்து வாழ்கின்றது.

வாழ்க்கைச் சுழற்சியை அறிதல்

முதல் உலகப் போர்க் காலத்தில் பெல்ஜிய காங்கோவில் பணியாற்றிய ரோடைன், பெக்கேர் ஆகியோர் பழந்தின்னி வௌவால் ஒன்றின் ஈயை உயிருடன் கவனித்து எழுதினர். 1970இல் மார்ஷல், மலேசியாவில் மூங்கிற் கணுவிடைகளுள் தங்கும் சிறு வௌவால்களின் ஈயான பசிலியா ஹிஸ்பிடாவின் வாழ்க்கைச் சுழற்சியை வெளியிட்டார். இத்தகைய ஆய்வுகளால் உறவின் மையக் கூறு புலனாயிற்று.

வௌவால் ஈ முட்டையிடுவதில்லை. தாயின் கருப்பையிலேயே ஒரு நேரத்தில் ஓர் இளம்புழு மட்டும் பாற்சுரப்பிகளின் சுரப்பை உண்டு முழு வளர்ச்சி அடைகின்றது. பின்னர்த் தாய் ஈ வௌவாலை விட்டு நீங்கி, தங்கிடத்தின் சுவரிலோ கிளையிலோ இளம்புழுவை ஒட்டிவைத்துவிட்டு மீண்டும் ஓம்புயிரியை நாடுகின்றது. அங்கேயே கூட்டுப்புழுப் பருவம் கழிகின்றது. வெளிவரும் இளம் ஈ தனக்குரிய வௌவாலைத் தானே கண்டடைய வேண்டும். எனவே இவ்வுறவில் ஈ, வௌவால் ஆகியவற்றோடு தங்கிடமும் மூன்றாவது உறுப்பாக இடம்பெறுகின்றது. அருங்காட்சியகப் பேழையில் காண இயலாதது இம்மூன்றாம் உறுப்பே.

வெனிசுவேலாவில் 1960களில் திரட்டப்பட்ட பெருந்தொகுப்பைக் கொண்டு பாட்டர்சன், டிக், டிட்மார் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. குகை, மரப்பொந்து போன்ற மூடிய, நிலையான தங்கிடங்களில் வாழும் வௌவால்களிடம் ஈக்கள் மிகுதி. இலைகளிடையே தங்கும் வௌவால்களிடம் குறைவு.

ஒரே பையும் தனிப்பையும்

ஈயானது ஒவ்வொரு தலைமுறையிலும் ஓம்புயிரியை விட்டு நீங்கி மீள்கின்றது. பல குகைகளில் பல வௌவால் இனங்கள் அருகருகே தங்குகின்றன. ஆகவே ஈக்கள் இனம்விட்டு இனம் தாவுதல் இயல்பு என்றே கருதத் தோன்றும். பழைய பதிவுகளும் அவ்வாறே காட்டின. ஆனால் அப்பதிவுகளின் பின்னணி ஆராயத்தக்கது. பிடிபட்ட வௌவால்கள் பல ஒரே பையில் இடப்பட்டபோது, அஞ்சிய ஈக்கள் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாறின. வகைப்பாட்டாளர் மேசையை அடைந்த சீட்டில் பிழையான ஓம்புயிரியின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அச்சீட்டே பின்னர் சான்றாயிற்று.

1966இல் வென்செலும் டிப்டனும் பதிப்பித்த பனாமா ஒட்டுண்ணிகள் பற்றிய பெருநூல் இச்சிக்கலைக் கவனத்திற்குக் கொண்டுவந்தது. டிக் 2007இல் பராகுவே தரவுகளை ஆராய்ந்து, கலப்பு நேராதபடி சேகரிக்கும்போது ஈக்களில் மிகப் பெரும்பாலானவை தத்தம் முதன்மை ஓம்புயிரியிலேயே காணப்படுகின்றன எனக் காட்டினார். தாவும் வாய்ப்பு இருந்தும் ஈக்கள் தாவி நிலைபெறாமைக்கு, உரிய ஓம்புயிரியின் மேல்தான் இணையைக் காண இயலும் என்பதும், ஓம்புயிரியின் நோயெதிர்ப்போடு ஈ கொண்ட இயைபும் விளக்கங்களாக முன்வைக்கப்பட்டுள்ளன.

இம்முடிவின் விளைவு வகைப்பாட்டியலோடு நிற்பதில்லை. வௌவால் ஈக்கள் பாலிகுரோமோஃபிலஸ் என்னும் குருதி ஒட்டுண்ணியை வௌவால்களிடையே பரப்புகின்றன. பார்டொனெல்லா நுண்ணுயிரிகளும் அவற்றில் கண்டறியப்பட்டுள்ளன. நோய்க்கிருமி ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்திற்குக் கடக்கும் வழியை மதிப்பிடுவோர், ஈக்கள் எந்த அளவுக்கு இனம் மாறுகின்றன என்பதையே அடிப்படையாகக் கொள்கின்றனர். ஒரே பையில் நேர்ந்த கலப்பு அம்மதிப்பீட்டையும் பிறழச் செய்யும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, சூழலியல் உறவு பற்றிய முடிவு அதற்கான தரவு திரட்டப்பட்ட முறையிலிருந்து பிரிக்க இயலாதது. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய பகுதிகளின் நிக்டெரிபிடே ஈக்கள் குறித்து ஸ்காட் 1925இல் எழுதிய ஆய்வு இன்றும் நமக்கு அடிப்படை நூலாகும். எனினும் அத்தகைய பழம்பதிவுகளில் உள்ள ஓம்புயிரிப் பெயர்களை, ஒரு வௌவாலுக்கு ஒரு பை என்னும் முறையிலான புதிய சேகரிப்போடு ஒப்பிட்ட பின்னரே ஏற்றல் தகும். இரண்டாவது, ஓர் இனத்தையே சார்ந்த ஒட்டுண்ணி அவ்வினம் அழியின் உடன் அழியும். 1972ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை நெடுங்காலம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. வௌவால்கள் தங்கும் முதுமரம் ஒன்று வெட்டப்படும்போது அக்கூட்டத்தோடு ஈயும், அந்த ஈயைச் சார்ந்த பூஞ்சையும் வாழிடம் இழக்கக்கூடும். தங்கிடத்தையும் பதிவுசெய்யும் ஆய்வே இவ்வுறவை முழுமையாகக் காட்டும்.