வானவெளி வாழ்வுக்கு உடலைப் பழக்குதல்

பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கி மலையேறும் பெண்ணின் கால் எலும்புகள், ஒவ்வோர் அடியிலும் அவளுடைய எடையையும் கூடையின் எடையையும் ஏற்கின்றன. அவ்வாறு ஏற்பதனாலேயே எலும்பு உறுதி பெறுகின்றது என்பது மருத்துவ நூலோர் கண்ட உண்மை. அளவுக்கு மிஞ்சிய சுமை முதுகையும் முழங்காலையும் கெடுக்கும் என்பதைத் தோட்ட மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இம்மலைகளும் ஒரு காலத்தில் அவர்களுக்கு அந்நிய உலகமாகவே இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென வந்தவர்கள் தென்னிந்தியாவின் வெப்பச் சமவெளியில் பிறந்தவர்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியே பல நாள் நடந்து, மலைநாட்டின் குளிரை அடைந்தனர். பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924இல்தான். அவர்களது உடலை முன்கூட்டிப் பழக்குவார் எவருமிலர், பட்டே பழகினர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையாகி, பழகுமுன்னரே வழியில் மாண்டோர் மிகப் பலர்.

வானவெளிக்குச் செல்வோரை அங்ஙனம் விட்டுவிட இயலாது. அங்கே எடை என்பதே உணரப்படுவதில்லை. கால்களில் தங்க வேண்டிய நீர் தலையை நோக்கி ஏற, முகம் வீங்குகின்றது, கால் மெலிகின்றது. தசை சுருங்குகின்றது. தக்க பயிற்சி இல்லையேல் இடுப்பெலும்பு மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1.5 பங்கு வரை அடர்த்தியை இழக்கின்றது. வேண்டாத பொருளைச் சேமித்து வைக்கும் வழக்கம் உடலுக்கு இல்லை போலும்!

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் சென்று மீண்டபோது இவற்றுள் எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. 1970 ஜூன் மாதத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. சோயுஸ் 9 கலத்தில் ஏறத்தாழ 18 நாள் இருந்து திரும்பிய நிக்கொலாயெவ், செவஸ்தியானொவ் ஆகிய இருவரும் தாமே நடக்க மாட்டாது, பிறர் தாங்கிச் செல்ல வேண்டியவராயினர். அதன் பின்னரே வானவெளியில் அன்றாட உடற்பயிற்சி கண்டிப்பான கடமையாயிற்று.

இவ்வரலாற்றில் இந்தியாவின் பங்கு தனிச் சுவையுடையது. விமானப்படை வீரர் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று புறப்பட்டு, சல்யூத் 7 நிலையத்தில் யோகாசனம் பயின்றார். எடையின்மையின் தீமைகளை ஆசனங்கள் தடுக்குமா என்று அறிவதே நோக்கம். ஆனால் ஆசனத்துக்கு ஊன்றி நிற்க ஒரு நிலம் வேண்டுமன்றோ? மிதக்கும் உடலை வார்களால் பிணைத்துக்கொண்டே அவர் அதனைச் செய்ய நேர்ந்தது. 8 நாளுக்கும் குறைந்த ஒரு பயணத்தையும் ஒரே மனிதரையும் கொண்டு முடிவு கூறுவது பொருந்தாது. எனினும் கேள்வி நல்ல கேள்வி.

வார்களும் எந்திரங்களுமே பின்னர் வழியாயின. 1995 மார்ச்சில் 437 நாள் வானவெளி வாசம் முடித்து இறங்கிய வலேரி பொல்யாக்கொவ், தாமே ஒரு மருத்துவர். அவர் கலத்திலிருந்து அருகிலிருந்த நாற்காலி வரை தம் காலாலேயே நடந்தார் என்பது நேயர்கள் கருதத்தக்கது. இப்போது சர்வதேச வானவெளி நிலையத்தில் வசிப்போர் நாள்தோறும் 2 மணி நேரம் அளவில் உடற்பயிற்சி செய்கின்றனர்.

2025இல் அந்நிலையத்தில் 18 நாள் தங்கிய சுபான்ஷு சுக்லா, எடையற்ற நிலையில் தசை நலிவதைப் பற்றியும் அங்கே ஆராய்ந்தார். ஜூலை 15 அன்று பூமிக்குத் திரும்பியபின், அவருடைய கால்களும் நடையை மீண்டும் பழக வேண்டியிருந்தது.