கடல் அளவும் நில அளவும்: நீட்டல் அலகுகளின் மாற்று

கடற்பயணத்தில் வழங்கும் ஃபாதம், கேபிள், கடல் மைல், லீக் ஆகிய நீள அலகுகளையும் நில அளவையில் வழங்கும் லிங்க், சங்கிலி, ஃபர்லாங், மைல் ஆகியவற்றையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கணக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் பெருக்கல் வகுத்தல்தான். ஆனால் இவ்வலகுகள் இரு வேறு மூலங்களிலிருந்து வந்தவை. ஃபாதமும் சங்கிலியும் அடியிலிருந்து பிறந்தவை. அவற்றுக்கிடையே மீதமின்றி மாற்றலாம். கடல் மைல் பூமியின் சுற்றளவிலிருந்து பிறந்தது. பூமியை அளக்க அளக்க அதன் நீளமும் மாறியது. 1929-இல் அதற்கு நிலையான மதிப்பு வகுக்கப்படும்வரை மாற்றுக் கணக்கிலும் உறுதி இல்லை.

அடி வழி வந்த அலகுகள்

1593-இல் இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம் ஒன்று நில மைலை 8 ஃபர்லாங், அதாவது 5,280 அடி என்று வகுத்தது. 1620-ஐ ஒட்டி, லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் கன்டர் 66 அடி நீளமும் 100 லிங்க்கும் கொண்ட அளவைச் சங்கிலியை வகுத்தார். ஒரு லிங்க் 7.92 அங்குலம். பத்துச் சங்கிலி ஒரு ஃபர்லாங். எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பதின்மக் கணக்கையும் பழைய ஆங்கில அளவுகளையும் இணைத்ததே இதன் வெற்றி.

கடலில் ஆழமும் கயிற்றின் நீளமும் ஃபாதத்தில் சொல்லப்பட்டன. ஃபாதம் 6 அடி. விரித்த இரு கைகளின் அகலம். தமிழகக் கடற்கரையில் மீனவர் சொல்லும் பாகமும் இதே வகை உடல் அளவுதான். சங்கிலியும் ஃபாதமும் அடியின் முழு மடங்குகள் என்பதால் ஒரு சங்கிலி சரியாக 11 ஃபாதம், ஒரு ஃபர்லாங் 110 ஃபாதம், ஒரு நில மைல் 880 ஃபாதம் ஆகின்றன.

கடல் மைலின் தோற்றம்

மாலுமிக்கு வேண்டியது நிலத்தில் கிடக்கும் தூரமன்று. தன் கப்பல் எந்த அட்சரேகைக்கு வந்துவிட்டது என்பதே. ஆகவே ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலை பூமியின் மேற்பரப்பில் பிடிக்கும் நீளத்தையே அவன் மைலாகக் கொண்டான். அந்த நீளம் எத்தனை அடி என்பதுதான் சிக்கல். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில மாலுமிகள் 5,000 அடி என்று கொண்டனர். வேகம் அறியக் கடலில் விடும் கயிற்றில் 42 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, 30 விநாடி மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணினர். நிலத்துக்குச் சங்கிலி தந்த கன்டர் கடலுக்கும் கணக்குத் தந்தார்: பாகைக்கு 3,52,000 அடி என்றார். அதன்படி கடல் மைல் சுமார் 5,867 அடி. இதுவும் குறைவே.

திருப்பம் நிலத்தில் நிகழ்ந்தது. ரிச்சர்ட் நார்வுட் என்ற கணித ஆசிரியர் 1633-இல் லண்டனிலும் 1635-இல் யார்க்கிலும் நண்பகல் சூரியனின் உயரத்தைப் பார்த்தார். இரு ஊர்களுக்கும் இடையே 2 பாகை 28 கலை வேறுபாடு கண்டார். இடைப்பட்ட சாலையைச் சங்கிலியாலும் சில இடங்களில் காலடியாலும் அளந்து, வளைவுகளையும் ஏற்ற இறக்கங்களையும் கழித்து, பாகைக்கு 3,67,196 அடி என்ற முடிவுக்கு வந்தார். 1637-இல் வெளியிட்ட நூலில் கடல் மைலை 6,120 அடி என்றார். இன்றைய அளவீட்டுடன் ஒப்பிட்டால் பிழை 35 அடி அளவே. நில அளவைச் சங்கிலிதான் கடல் மைலுக்கு முதல் நம்பகமான நீளத்தைத் தந்தது. மாலுமிகள் உடனே மாறவில்லை. முடிச்சு நெருக்கமாக இருந்தால் கப்பல் உண்மையைவிட முன்னால் இருப்பதாகக் கணக்கு வரும்; கரையில் மோதுவதைவிட அது மேல் என்று அவர்கள் கருதினர். பின்னாளில் 28 விநாடிக் கடிகாரமும் 47 அடி 3 அங்குல முடிச்சும் நிலைபெற்றன.

பல கடல் மைல்கள்

பூமி துருவங்களில் தட்டையானது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அளவைக் குழுக்கள் பெருவிலும் லாப்லாந்திலும் உறுதி செய்ததும் புதிய தொல்லை தோன்றியது. அட்சரேகையின் ஒரு கலை பூமத்திய ரேகையில் ஏறக்குறைய 1,843 மீட்டர். துருவத்தில் 1,861 மீட்டர். எதைத் தேர்வது என்பதில் நாடுகள் வேறுபட்டன. பிரிட்டிஷ் கடற்படை 6,080 அடி (1,853.184 மீட்டர்) என்றது. அமெரிக்கா, பூமியின் பரப்புக்குச் சமமான பரப்புள்ள ஒரு கோளத்தைக் கற்பனை செய்து 6,080.20 அடி என்றது. வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரை ஒரு கோடி மீட்டர் என்று மீட்டரை வகுத்த பிரான்சில், அதை 90 பாகையின் 5,400 கலைகளால் வகுத்தால் கிடைப்பது 1,852 மீட்டருக்குச் சற்றே குறைவு. 1929-இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு நீரியல் மாநாடு 1,852 மீட்டரையே ஏற்றது. அமெரிக்கா 1954-லும் பிரிட்டன் 1970-லும் அதற்கு மாறின.

இந்தியாவில்

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து தென்னிந்தியாவின் முக்கோண அளவையைத் தொடங்கினார். அவர் கையாண்டது 100 அடி எஃகுச் சங்கிலி, கன்டர் சங்கிலியன்று. அக்காலப் புவியளவையாளர் வழக்கப்படி அவர் பாகையின் நீளத்தை ஃபாதத்தில் எழுதினார். தமிழ்நாட்டு அட்சரேகைகளில் அது ஏறத்தாழ 60,500 ஃபாதம். அறுபதால் வகுத்தால் ஒரு கலை 6,050 அடி அளவே. அதாவது இப்பகுதியில் ஒரு கலை, கடல் மைலைவிடச் சுமார் 8 மீட்டர் குறைவு.

வருவாய்த்துறையின் பழைய புலப்படங்களில் கன்டர் சங்கிலியின் லிங்க்கே அளவு. ஓர் ஏக்கர் 1,00,000 சதுர லிங்க் ஆவதால், அதன் நூறில் ஒரு பங்கான சென்ட் 1,000 சதுர லிங்க். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் மெட்ரிக் முறை வந்தது. 20, 30 மீட்டர்ச் சங்கிலிகள் புழக்கத்துக்கு வந்தன.

மாற்று மதிப்புகள்

1959-இல் அடி சரியாக 0.3048 மீட்டர் என ஆங்கில அளவு வழங்கிய நாடுகள் ஒப்புக்கொண்டன. அதன்படி:

ஒரு லிங்க்: 0.201168 மீட்டர்
ஒரு ஃபாதம்: 1.8288 மீட்டர்
ஒரு கன்டர் சங்கிலி: 20.1168 மீட்டர், 11 ஃபாதம்
ஒரு கேபிள் (கடல் மைலில் பத்தில் ஒன்று): 185.2 மீட்டர், 9.206 சங்கிலி
ஒரு நில மைல்: 1,609.344 மீட்டர், 0.869 கடல் மைல்
ஒரு கடல் மைல்: 1,852 மீட்டர், 6,076.12 அடி, 92.062 சங்கிலி, 1.1508 நில மைல்
ஒரு லீக் (3 கடல் மைல்): 5,556 மீட்டர்

பழைய ஆவணங்களில் இம்மதிப்புகளை அப்படியே போடக்கூடாது. கேபிள் பிரிட்டிஷ் வழக்கில் 608 அடி, அமெரிக்கக் கடற்படையில் 720 அடி. சங்கிலி 66 அடியா 100 அடியா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க அளவையாளர் 2022 இறுதி வரை தனியாகக் கையாண்ட அடி, 95 மைலுக்கு ஓர் அடி அளவே வேறுபடும். ஆனால் பழைய பிரிட்டிஷ் கடல் மைலை இன்றைய மைலாகக் கொண்டால் 200 கடல் மைலில் 237 மீட்டர் பிழை வரும்.

இன்றைய நிலை

கடல் வரைபடங்களில் ஃபாதம் பெரும்பாலும் மீட்டருக்கு இடம் கொடுத்துவிட்டது. சங்கிலி பழைய பத்திரங்களிலும் புலப்படங்களிலும் மட்டும் வாழ்கிறது. கடல் மைல் நிலைத்திருப்பதற்குக் காரணம், வரைபடத்தின் ஓரத்திலுள்ள அட்சரேகை அளவுகோலிலேயே அதைக் கவராயத்தால் எடுக்க முடிவதுதான். சட்டங்களும் அதையே பின்பற்றுகின்றன. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவின் ஆட்சிக்கடல் 12 கடல் மைல் (22.224 கி.மீ.), தனிப்பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் (370.4 கி.மீ.). தமிழ்நாட்டில் விசைப்படகுகள் விலகி நிற்க வேண்டிய கரையோரப் பகுதி 5 கடல் மைல் (9.26 கி.மீ., 460.3 சங்கிலி). அதே கரையின் நிலப்பக்கத்தில் கடற்கரை ஒழுங்காற்று மண்டலம் மீட்டரில் வகுக்கப்படுகிறது; சர்வே எண்ணுக்குரிய பழைய படமோ லிங்க்கில் இருக்கிறது. இவற்றை ஒரே வரைபடத்தில் சேர்ப்பவர் எல்லாவற்றையும் முதலில் மீட்டராக்கிக்கொள்வதும், அலகின் பெயரோடு ஆவணத்தின் ஆண்டையும் நாட்டையும் சேர்த்துப் படிப்பதுமே பிழையற்ற வழி.