டிஜிட்டல் கிட்டார் கருவிக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

ஹெட்போனில் அருமையாகக் கேட்ட கிட்டார், ஆம்ப்பில் மாட்டியதும் மங்கலாகிவிட்டதா? உங்கள் வாசிப்பில் குறை இல்லாமல் இருக்கலாம். ஸ்பீக்கரைக் கவனிங்க.

ஏன் அப்படி?

வழக்கமான கிட்டார் ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரிதும் குறைத்துவிடும். ஹெலிக்ஸ், குவாட் கார்டெக்ஸ் போன்ற கருவிகளில் இருக்கும் 'கேபினட் சிமுலேஷன்' அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒலி இருமுறை வடிகட்டப்படும்.

அதைத் தவிர்க்கத்தான் எஃப்ஆர்எஃப்ஆர் ஸ்பீக்கர். ஃபுல் ரேஞ்ச், ஃப்ளாட் ரெஸ்பான்ஸ் என்பதன் சுருக்கம். வரும் ஒலியைக் கூடியவரை மாற்றாமல் தரும். 'பவர்டு' வகையில் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும்.

வாங்குமுன்...

– 'பீக்' வாட்டை மட்டும் பார்க்காதீங்க. தொடர்ச்சியாக எத்தனை வாட் தரும்னு கேளுங்க. வாட் இரட்டிப்பானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும்.

– உங்கள் கருவியையே கடைக்குக் கொண்டுபோய், மேடையில் வைக்கும் சத்தத்தில் கேளுங்க. குறைந்த சத்தத்தில் காதுக்கு பேஸ் குறைவாகவே கேட்கும். அதை நம்பி வீட்டில் பேஸைக் கூட்டினால் மேடையில் இரைச்சலாகிவிடும்.

– வீட்டில் மட்டும் வாசிக்கிறீங்களா? ஹெட்போனே போதும். அடுக்குமாடியில் அண்டை வீட்டாருக்கும் நிம்மதி!

ஏற்கெனவே ஆம்ப் இருக்கா? முதலில் கேபினட் சிமுலேஷனை அணைத்துப் பாருங்க. புது ஸ்பீக்கர் தேவைப்படாமலே போகலாம்.