ஸ்லாம் பால்

தலைக்கு மேல் தூக்கித் தரையில் ஓங்கி அறைவதற்கென்றே செய்யப்பட்ட, துள்ளாத எடைப் பந்து ஸ்லாம் பால். தடித்த ரப்பர் அல்லது பிவிசி உறைக்குள் மணலோ இரும்புத் துகளோ தளர்வாக நிரப்பப்பட்டிருக்கும். தரையில் மோதியதும் துகள்கள் ஒன்றோடொன்று உரசி மோதலின் வேகத்தைத் தின்றுவிடுகின்றன. பந்து விழுந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறது.

இதற்கு மூத்தது மெடிசின் பால். தோலுறையில் மணலடைத்து நோயாளிகளை எறிந்து பிடிக்கச் சொன்னவர் பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் என்று பரவலாகச் சொல்வார்கள். வழிவழிச் செய்தியாக மட்டுமே அதை ஏற்கலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் பந்துப் பயிற்சிக்குத் தனி நூலே எழுதினார். ஆனால் அவர் புகழ்ந்தது சிறிய பந்தைத்தான். பழையோரின் பந்துப் பயிற்சிகளை மறுபடி பேசவைத்தது, 1569இல் வெனிசில் வெளிவந்த இத்தாலிய மருத்துவர் மெர்குரியாலிஸின் நூல்.

எடைப் பந்து ஜிம்முக்குள் நிலைத்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில். பாஸ்டன் ஒய்.எம்.சி.ஏ.வின் ராபர்ட் ஜே. ராபர்ட்ஸும் மல்யுத்த வீரர் வில்லியம் மல்டூனும் அதைப் பரப்பினார்கள். குத்துச்சண்டை வீரர்கள் வயிற்றில் பந்தை வாங்கி வாங்கி உடலை இறுக்கினார்கள்.

அதன் பொற்காலம் வெள்ளை மாளிகையில் அமைந்தது. அதிபர் ஹெர்பர்ட் ஹூவருக்காக அவருடைய மருத்துவர் ஜோயல் பூன் வகுத்த ஆட்டத்தில், 6 பவுண்டு பந்தை 8 அடி உயர வலைக்கு மேலே எறிய வேண்டும். எதிரணி அதைக் கீழே விடாமல் பிடித்து, பிடித்த இடத்திலிருந்தே உடனே திருப்பி எறிய வேண்டும். கணக்கு டென்னிஸ் முறைப்படி. 1929 முதல் 1933 வரை தென்புறப் புல்வெளியில் காலை வேளைகளில் அமைச்சர்களும் அதிகாரிகளும் கூடி ஆடினார்கள். உடற்பயிற்சிக் கருவி ஒன்றுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பந்துகளெல்லாம் இன்னொருவர் கைக்குப் போகச் செய்யப்பட்டவை. தரையில் அறைந்தால் தோல் பந்தின் தையல் பிரியும். காற்றடைத்த ரப்பர் பந்தோ எகிறிவந்து முகத்தைப் பெயர்க்கும். துள்ளலை எடுத்த பிறகுதான் முழு வலுவோடு அறைவது பாதுகாப்பானது. கிரெக் கிளாஸ்மன் 2000இல் நிறுவிய கிராஸ்ஃபிட் போன்ற தீவிரப் பயிற்சி முறைகள் பரவியபோது ஸ்லாம் பாலும் ஜிம்களில் பெருகியது.

அந்த முறைகளுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. பார்பெல்லைத் தூக்கினால் கட்டுப்பாட்டோடு இறக்கவும் வேண்டும். தசை வலிக்குப் பெரும் பங்கு அந்த இறக்கத்துக்கே. ஸ்லாம் பாலில் அது அநேகமாக இல்லை. 20 விநாடி உழைப்பு, 10 விநாடி ஓய்வு என்ற ஜப்பானியர் இசுமி தபாட்டாவின் முறையில் மூச்சு வாங்கும்போதும் தடுமாறாமல் செய்யலாம். கைகளை முழுதாக உயர்த்தி, வயிற்றை இறுக்கி, இடுப்பை மடக்கி அறைய வேண்டும். எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்த வேண்டும். பலரும் முதுகைப் பிடித்துக்கொள்வது அறைவதால் அல்ல, அவசரமாகக் குனிந்து எடுப்பதால்.

உறையின் இணைப்புக் கோட்டில் விரிசல் கண்டு மணல் கசியத் தொடங்கினால் அந்தப் பந்தை ஒதுக்கிவிட வேண்டும்.