ஒதுக்கீடு நீங்கியது, அறை விரியவில்லை: தாராவித் தோல் தொழிலில் சீர்திருத்தமும் உற்பத்தித்திறனும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பொருள்களின் பட்டியலிலிருந்து தோல் பொருள்களும் காலணிகளும் 2001-இல் நீக்கப்பட்டன. சட்டத்தின் உச்சவரம்பு அகன்றால் சிறு பட்டறை வளரும், வளர்ந்த பட்டறை புதிய நுட்பத்தை ஏற்கும் என்பது எதிர்பார்ப்பு. மும்பை தாராவியில் அது நிகழவில்லை. அங்கே பட்டறையின் அளவை வரையறுத்தது ஒதுக்கீட்டுச் சட்டமல்ல, நிலத்தின் மீது உரிமை இல்லாமைதான் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. பாலாற்றங்கரைத் தோல் நகரங்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சரக்குச் சந்தையைத் திறந்துவிட்டு நிலத்தையும் கடனையும் பழைய நிலையிலேயே விடும் சீர்திருத்தம், உற்பத்தித்திறனை உயர்த்துவதைவிட அதன் பலன் சேரும் இடத்தையே மாற்றுகிறது என்பது முடிவு.

1. யாருடைய உற்பத்தித்திறன்?

1991-இல் தொடங்கிய சீர்திருத்தங்கள் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் பெறும் கட்டாயத்தை நீக்கின. 1990 வாக்கில் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்த சுங்கத் தீர்வை, அடுத்த ஆறேழு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. இவற்றால் தொழில்களின் உற்பத்தித்திறன் உயர்ந்ததா என்று கேட்ட ஆய்வுகள் பெரும்பாலும் உயர்ந்தது என்றே விடை சொல்லியிருக்கின்றன. தீர்வைக் குறைப்பு நிறுவனங்களின் திறனைக் கூட்டியது, அதிலும் மூலப்பொருள்மீதான தீர்வை குறைந்ததே முக்கியக் காரணம் என்று பெட்டியா தொப்பலோவாவும் அமித் கண்டேல்வாலும் 2011-இல் காட்டினர். உள்நாட்டு நிறுவனங்கள் புதிதாக உருவாக்கிய பொருள்களில் 31 விழுக்காட்டுக்கு மூலப்பொருள் தீர்வைக் குறைப்பே காரணம் என்று பினலோபி கோல்ட்பர்க் குழுவினர் 2010-இல் மதிப்பிட்டனர். உரிம நீக்கத்தின் பலன் எல்லா மாநிலங்களுக்கும் சமமாகக் கிடைக்கவில்லை, தொழிலாளர் சட்டச் சூழலைப் பொறுத்து வேறுபட்டது என்று ஃபிலிப் அகியோன் குழுவினர் 2008-இல் எழுதினர்.

இந்த முடிவுகளோடு எனக்கு வழக்கில்லை. இவை எந்தத் தரவின்மேல் நிற்கின்றன என்பதே என் கேள்வி. ஒன்று, கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கேடுகள். மற்றொன்று, தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவற்றை எண்ணும் ஆண்டுத் தொழிற்கணக்கெடுப்பு. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மின்விசை உண்டெனில் 10 பேரும், இல்லையெனில் 20 பேரும் வேலை செய்யும் இடமே தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. மகாராட்டிரம் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் இந்த வரம்பை முறையே 20, 40 என்று இரட்டித்தது. தாராவியின் ஓரறைப் பட்டறைகளில் மிகப் பல, பழைய வரம்புக்குள்ளேயே வராதவை. ஆண்டுக்கு நூறு கோடி டாலர் வணிகம் நடக்கும் இடம் என்று தாராவியைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அந்தத் தொகையும் ஊகமே, கணக்கெடுப்பு அன்று.

முறைசாராப் பட்டறைகளையும் சேர்த்து நோக்கிய ஆய்வு சாந்தி நடராஜ் 2011-இல் வெளியிட்டது. இந்திய உற்பத்தித் தொழிலில் ஏறத்தாழ 80 விழுக்காட்டு வேலைகள் இத்தகைய சிறு பட்டறைகளில்தான் இருக்கின்றன. முடிவுப் பொருள்கள்மீதான தீர்வை குறைந்தபோது இவற்றின் சராசரித் திறன் உயர்ந்தது என்று அவர் கண்டார். ஆனால் அந்த உயர்வில் பெரும்பங்கு, மிகச் சிறிய, மிகக் குறைந்த திறனுடைய பட்டறைகள் மூடப்பட்டதால் வந்தது என்பதே அவரது தரவு சுட்டும் விளக்கம். மெலிந்தவை விழுந்தபின் எஞ்சியவற்றின் சராசரி கூடுவதும், எஞ்சியவை தாமே வளர்வதும் வேறு வேறு நிகழ்வுகள். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2. 2001: ஒரே ஆண்டில் இரண்டு திறப்புகள்

1967-இல் 47 பொருள்களோடு தொடங்கிய சிறுதொழில் ஒதுக்கீடு, பின்னாளில் 800-க்கும் மேற்பட்ட பொருள்களாக விரிந்தது. பட்டியலில் உள்ள பொருளைச் செய்யும் நிறுவனம், இயந்திர முதலீட்டு வரம்பைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு 1991-இல் 60 லட்சம் ரூபாயாகவும், 1997-இல் 3 கோடியாகவும், 1999-இல் 1 கோடியாகவும் மாறியது. கடைசி 20 பொருள்கள் 2015-இல்தான் பட்டியலிலிருந்து நீங்கின.

தோலுக்கு 2001 திருப்புமுனை. அவ்வாண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், நுகர்பொருள் இறக்குமதியின்மீது எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் உலக வர்த்தக அமைப்பின் நெறிகளுக்கேற்ப நீக்கப்பட்டன. அதே ஆண்டின் நடுவில் தோல் பொருள்கள், காலணிகள், பொம்மைகள் ஆகியவற்றைச் சேர்ந்த 14 பொருள்கள் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டன. வெளிநாட்டுப் பைக்கும் உள்நாட்டுப் பெரிய ஆலைக்கும் ஒரே ஆண்டில் கதவு திறந்தது.

பாடநூல் பொருளாதாரம் இதன் விளைவை எளிதாகச் சொல்லிவிடும். வரம்பை மீறாமலிருக்கத் தம்மைக் குறுக்கிக்கொண்ட பட்டறைகள் இனி வளரும். சாங்-டாய் ஷியேவும் பீட்டர் கிளெனோவும் 2009-இல் செய்த கணக்கும் இதையே ஆதரித்தது. முதலும் உழைப்பும் அமெரிக்காவில் பங்கிடப்படும் அளவுக்குச் செம்மையாகப் பங்கிடப்பட்டால் இந்திய உற்பத்தித்திறன் 40 முதல் 60 விழுக்காடு வரை உயரும் என்றது அது. ஒதுக்கீட்டுச் சட்டம் அந்தப் பங்கீட்டைக் கெடுக்கும் முதன்மைத் தடைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

இந்த ஊகம் தாராவிக்குப் பொருந்த வேண்டுமானால் அங்குள்ள பட்டறைகள் வரம்பை முட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சில தையல் இயந்திரங்கள், தோலின் ஓரத்தைச் சீவும் இயந்திரம், வெட்டும் பலகை, உளி, பசை: ஒரு பை பட்டறையின் முதலீடு இவ்வளவே. இவற்றின் மதிப்பு 60 லட்சத்துக்கோ 1 கோடிக்கோ அருகில்கூட வராது. தம் தலைக்கு மிக உயரத்தில் இருந்த கூரையை எடுத்ததால் அவர்கள் நிமிர்ந்திருக்க வழியில்லை.

3. முகவரியும் பிணையும்

பிறகு எது அவர்களைக் குறுக்கியது? மாட்டுங்கா, மாஹிம், சயான் நிலையங்களுக்கு இடைப்பட்ட தாராவியில் பெரும்பகுதி நிலம் மாநகராட்சிக்கும் அரசு அமைப்புகளுக்கும் சொந்தமானது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொட்டிகள் எழுந்தன. அந்தத் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர். மராட்டியத் தோர், சர்மகார் சமூகத்தினரும், பின்னாளில் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளரும் சேர்ந்தனர். பதனிடும் வேலை அங்கிருந்து ஏறக்குறைய அகன்றுவிட்டது. சென்னை, கான்பூர், கொல்கத்தாவிலிருந்து வரும் பதனிட்ட தோலில் பையும் பர்ஸும் பெல்ட்டும் செய்வதே இன்றைய தொழில்.

நூறாண்டுக்கு மேல் தொழில் நடந்த இந்த மண்ணில், தொழில் செய்பவருக்கு நிலப் பட்டா பெரும்பாலும் இல்லை. பட்டா இல்லையேல் வங்கிக்குப் பிணை இல்லை. ஒழுங்கான கட்டட அனுமதி இல்லாத இடத்தில் தொழிற்சாலை உரிமமும் கிடைக்காது. பக்கத்து அறையை விலை பேசி வாங்கினாலும் கைக்கு வருவது கட்டடத்தில் இருக்கும் அனுபவ உரிமைதான், நிலம் அன்று. எந்த ஆண்டிலும் இடிப்பு ஆணை வரலாம் என்ற இடத்தில், எடுத்துச் செல்லக்கூடிய இயந்திரத்தை வாங்குவதே அறிவு. தரையில் பதிக்க வேண்டிய இயந்திரம் அங்கே சூதாட்டம். ஆகவே மேலே பரண் கட்டி ஆள் சேர்ப்பதும், வேலையைப் பிரித்து வீடுகளுக்கு அனுப்புவதும் வளர்ச்சியின் வழிகளாயின.

பிணையில்லாக் கடனுக்கு 2000-இல் உத்தரவாத நிதியும், 2015-இல் முத்ரா திட்டமும் வந்தன. 10 லட்சம் ரூபாய் என்ற முத்ராவின் தொடக்க உச்சவரம்பு, தோல் வாங்கவும் கூலி கொடுக்கவும் உதவும். ஆலை எழுப்ப உதவாது.

4. பாலாற்றங்கரை ஏன் வேறாக வளர்ந்தது?

இதே தோல், இதே மத்தியச் சட்டங்கள், இரு இடங்களிலும் தமிழ் பேசுவோர். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் கதை வேறு. 1973-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பச்சைத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் விற்றால்தான் இலாபம் என்ற நிலையில் பாலாற்றங்கரை வணிகர்கள் புதிய இயந்திரங்களுக்கு மாறினர். சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகில் இருந்தது. இராணிப்பேட்டையில் சிப்காட் தொழிற்பேட்டை நிலம் தந்தது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபின், கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமல் தொழில் நடத்த முடியாது என்றாயிற்று.

2001-இல் காலணி ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டபோது, அங்கே விரிவதற்கு நிலமும் கடனுக்குப் பிணையும் ஏற்கெனவே இருந்தன. பெண்களைப் பெருமளவில் வேலைக்கு அமர்த்தும் காலணி ஆலைகள் அந்நிலத்தில் வளர்ந்தன. இதற்குப் பாலாறு கொடுத்த விலை பெரிது. கெட்டுப்போன நிலத்தடி நீரை எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் கழித்துக் காட்டுவதில்லை. எனினும் நம் கேள்விக்கு ஒப்பீடு தெளிவான விடை தருகிறது. ஒரே சீர்திருத்தம், நிலமுள்ள இடத்தில் ஆலையாகவும், நிலமில்லாத இடத்தில் அந்த ஆலைக்கோ பிராண்டுக்கோ கூலிவேலை செய்யும் பட்டறையாகவும் முடிந்தது.

லெஸ்லி மார்ட்டின், சாந்தி நடராஜ், ஆன் ஹாரிசன் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு இசைகிறது. ஒதுக்கீடு நீங்கியதால் வேலைவாய்ப்பும் கூலியும் கூடின. கூட்டியவை புதிதாக நுழைந்த, பெரிதாக வளர்ந்த ஆலைகள். பழைய சிறிய ஆலைகள் சுருங்கின.

5. நுட்பம் வந்தது, யாரிடம் தங்கியது?

தாராவியில் நுட்பமே மாறவில்லை என்று சொல்வதும் தவறாகும். தீர்வை குறைந்தபின் ஜப்பானிய, சீனத் தையல் இயந்திரங்கள் எளிதாகக் கிடைத்தன. அழுத்தி வெட்டும் இயந்திரங்கள் வந்தன. தாராவியின் 13 காம்பவுண்ட் என்னும் பகுதியில் பிளாஸ்டிக் மறுசுழற்சி செய்வோர் அரைவை இயந்திரத்தோடு நின்றுவிடாமல் உருக்கிக் குருணையாக்கும் இயந்திரங்களையும் சேர்த்தனர். ஆனால் வடிவமைப்பு, தரச் சோதனை, விற்பனைப் பெயர், விலை வைக்கும் அதிகாரம் ஆகியவை ஆர்டர் தருபவரிடமே இருக்கின்றன. பை ஒன்றுக்கு இவ்வளவு என்ற ஜாப் ஒர்க் கூலியில், கழிவைக் குறைக்கும் புது முறையைக் கற்பதால் உழைப்பவருக்கு இலாபம் இல்லை. கற்கும் நாளில் கூலி குறையவும் செய்யும்.

பாகிஸ்தானின் சியால்கோட்டில் கால்பந்து செய்யும் பட்டறைகளில் டேவிட் அட்கின் குழுவினர் 2017-இல் இதைச் சோதித்துக் காட்டினர். செயற்கைத் தோலை வீணாக்காமல் வெட்டும் அச்சை இலவசமாகக் கொடுத்தும் பெரும்பாலான பட்டறைகள் பயன்படுத்தவில்லை. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய வெட்டுநர்கள் அதை விரும்பாததே காரணம். ஒரு மாதச் சம்பள அளவு ஊக்கத்தொகை கொடுக்க முன்வந்ததும் ஏற்பு கூடியது. நுட்பம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது போதாது, அதன் பலனில் வெட்டுபவருக்கும் பங்கு வேண்டும்.

6. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: வரியையும் தொழிலாளர் சட்டத்தையும் தவிர்க்கவே தாராவிப் பட்டறைகள் சிறிதாக இருக்கின்றன. இதில் உண்மை உண்டு. ஆனால் 2017 ஜூலையில் வந்த சரக்கு-சேவை வரி, உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறும் முறையால், பதிவில்லாதவரிடம் வாங்குவதைப் பெரிய வணிகருக்குச் செலவாக்கியது. மறுசுழற்சிப் பட்டறைகள் வாங்கும் பிளாஸ்டிக் கழிவின்மீதான வரி 2021 அக்டோபரில் 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. குப்பை பொறுக்குபவர் பில் தருவதில்லை. ஆகவே முதலில் பதிவு பெற்ற வணிகர்மீது முழு வரியும் விழுகிறது. தவிர்ப்பதன் இலாபம் இப்படிச் சுருங்கிய பின்னும் பட்டறை வளரவில்லையென்றால், வரி ஏய்ப்பு முதற்காரணமாக இருக்க முடியாது.

இரண்டாம் மறுப்பு: அளவு பெரிதானால் திறன் தானே வருமா? வராது. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதியின் பெரிய துணி ஆலைகளில் நிக்கோலஸ் புளூம் குழுவினர் செய்த ஆய்வு (2013), கையிருப்பு, தரக் கணக்கு போன்ற எளிய மேலாண்மை முறைகளால் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடியதைக் காட்டியது. சந்தை திறந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்த ஆலைகள் இவற்றைத் தாமாக ஏற்றிருக்கவில்லை. நிறுவனம் எவ்வளவு விரியும் என்பது நம்பத்தக்க ஆண் உறவினர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்திருந்தது. நிலம் இருந்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. நிலமும் கடனும் இல்லாத இடத்தில், இந்த எளிய முறைகளைக் கற்பதற்கான தூண்டுதல்கூட எழுவதில்லை என்பதே என் வாதம்.

7. நிலத்தைத் தொடும் சீர்திருத்தம் எதை எண்ணுகிறது?

அப்படியானால் நிலத்தைத் தொடும் ஒரே பெரிய தலையீடான தாராவி மறுசீரமைப்புத் திட்டம் இந்தக் குறையைத் தீர்க்குமா? 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் இதை வென்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80, மாநில அரசுக்கு 20 விழுக்காடு பங்கு. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. தகுதியுள்ள தொழிலிடங்களுக்கு 225 சதுர அடி வரை இலவசம்.

இந்த ஏற்பாடு நிலத்தை அதில் கட்டக்கூடிய தளப்பரப்பால் மதிப்பிடுகிறது. அதன்மேல் என்ன செய்யப்படுகிறது என்பது அதன் கணக்கில் இல்லை. பரணில் வேலை நடக்கும் பட்டறைக்கு அந்தப் பரண் உற்பத்திக் கருவி. தகுதிக் கணக்கில் அது கூடுதல் தளம் மட்டுமே. தோல் கடை, பசைக் கடை, கொக்கி விற்பவர், தையல்காரர் ஆகியோர் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் மிச்சமாகும் செலவும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஒதுக்கீட்டுச் சட்டம் தொழிலைப் பொருளின் பெயரால் பாதுகாக்க முயன்றது, மறுசீரமைப்போ சதுர அடியால் ஈடுகட்ட முயல்கிறது. இரண்டும் பட்டறையின் உண்மையான முதலைத் தவறவிடுகின்றன.

முடிவு

சீர்திருத்தத்துக்கு முந்தைய ஒழுங்கு தாராவியைக் காக்கவில்லை. அதை மீட்க வேண்டும் என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. சரக்குச் சந்தைச் சீர்திருத்தம் ஒரு தொழிலின் சராசரித் திறனை உயர்த்தக்கூடும். அந்த உயர்வு இருக்கும் பட்டறைக்குள் நிகழுமா, அதை விலக்கி வேறிடத்தில் நிகழுமா என்பதை நிலமும் பிணையும் பலனைப் பகிரும் கூலிமுறையும் தீர்மானிக்கின்றன. எனவே மறுசீரமைப்பில் தொழில் செய்பவருக்கு முதன்மையாகத் தேவைப்படுவது, கூடுதல் தளப்பரப்பைவிட, வங்கி ஏற்கும் நீண்டகாலக் குத்தகையும் தொழில்வகை சிதறாத கூட்டுப் பட்டறை வளாகமும்தான். அவை இல்லாமல் ஒதுக்கப்படும் 225 சதுர அடி, அடுத்த விலையேற்றத்தில் கைமாறும் சொத்தாகவே முடியும். உற்பத்தித்திறன் கணக்கில் அதுவும் ஒரு முன்னேற்றமாகவே பதிவாகும்.