கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் 1888-இல் கோவையில் எழுந்த பஞ்சாலையிலிருந்தே தொடங்குவர். கோவை மோட்டாரின் கதையை அறிய விழையும் நாமோ கிணற்றங்கரைக்குச் செல்லவேண்டும்.

மழை குறைந்த இம்மண்ணில் வேளாண்மை கிணற்றை நம்பியே நடந்தது. காளைகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, சால் நிறைந்து மேலே வரும். விடியுமுன் கவலை பூட்டினாலும் நனையும் நிலம் சிறிதே.

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் சமவெளிக்கு வந்ததும் ஆலைகள் பெருகின. கிணற்றுக்கும் மோட்டார் வேண்டியதாயிற்று. அதுவோ கடல் கடந்து வரும் பொருள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937-இல் அதை உள்நாட்டிலேயே செய்து காட்டினார். பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் எழுந்தது.

அந்நிறுவனம் எவ்வளவு பெரிதாயிற்று என்று கேட்பது சரியன்று என்பது நம் கருத்து. அது வளர்ந்தது தன் மதிலுக்கு வெளியே. பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூலை நிறுவி ஆலை இயந்திரங்களைச் செய்தார். பட்டறையில் தொழில் கற்றவர் ஒரு லேத்தை வாங்கித் தனிப்பட்டறை வைத்தார். ஒருவர் இரும்பு வார்த்தார், ஒருவர் தண்டு கடைந்தார், ஒருவர் செம்புக்கம்பி சுற்றினார். 1969-இல் கொடிசியா என்னும் சங்கம் காணுமளவு சிறுதொழில்கள் பெருகின.

நீரை உறிஞ்சும் பம்பு புதியதன்று. இரண்டு உருளைகளும் உறிஞ்சுகுழாயும் கொண்ட பம்பு ஒன்றை 1206-இல் அல்-ஜஸரீ தம் அரபு நூலில் படத்துடன் விளக்கியுள்ளார். அதற்கும் கோவைப் பம்புக்கும் விதி ஒன்றே: உறிஞ்சும் பக்கத்தில் காற்றழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உயர்த்தாது, நடைமுறையில் ஏழெட்டு மீட்டரே. ஆகவே நீர் தாழத் தாழ மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கவேண்டியதாயிற்று. காளை களைத்தால் கவலை நிற்கும். அவ்விடைவேளையில் ஊற்றுக்கண் ஊறும். மோட்டாருக்குக் களைப்பு ஏது?

பின்னர் ஆழ்துளைக் கிணறும், நீரில் மூழ்கியே சுழலும் மோட்டாரும் வந்தன. பட்டறைக்கு அது புதிய வாணிபம். உழவனுக்குப் புதிய கடன். தொழிலின் ஏற்றத்தையும் நீரின் இறக்கத்தையும் வெவ்வேறு ஏட்டில் எழுதுவது நேர்மையாகுமா?

இன்று பல தோட்டங்களில் ஆயிரம் அடி ஆழத்து நீரை மேலேற்றிப் பழைய கிணற்றில் விடுகின்றனர். அங்கிருந்து இன்னொரு மோட்டார் அதை வயலுக்கு இறைக்கிறது. அருகே கவலைச் சரிவு புல் மூடிக் கிடக்கிறது.